நான் கொண்டுபோன உணவுக்குழாய்

மனித உடலில் உணவுக்குழாயைப் போலப் பாவப்பட்ட உறுப்பு வேறொன்று இல்லை. இதயத்துக்குக் காதலர்கள் இருக்கிறார்கள். வயிற்றுக்கு எரிச்சல் இருக்கிறது ("அவனப் பாத்தாலே வயிறு எரியுது"). ஈரலுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு, பயம் வந்தால் ஈரக்குலைதான் நடுங்குகிறது. உணவுக்குழாய் நடுங்கியதாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஏதோ ஒரு குழாய், அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த இடம்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்யலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன். கிளம்பிய வேகத்தில் ஒரு உணவுக்குழாயை ஜவ்வாது மலையில் ஒரு ஊருக்கே குழம்பாகப் பரிமாற வைத்தேன். என் துறைத் தலைவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

நான் ஷமீமா. வாணியம்பாடிக்காரி. எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன். அதாவது, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்க்கும் பிரிவில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, கருவிகளைத் தயார் செய்து, நீட்டி, திரும்ப வாங்கிக் கழுவி வைக்கும் வேலை. இதற்குப் பட்டியல் போடும் புத்தி வேண்டும். எனக்கு அது தேவைக்கு அதிகமாகவே உண்டு. (பட்டியலின் முதல் வரியில் "பட்டியல் எழுதுதல்" என்று எழுதி, உடனே அதை டிக் அடித்துச் சந்தோஷப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான்.)

படிக்கிற காலத்தில் எல்லோரும் இதயத்தின் ரத்த ஓட்டத்தை மனப்பாடம் செய்தபோது எனக்குப் பிடித்துப்போனது உணவுக்குழாயின் ரத்த ஓட்டம். காரணம், அதற்கென்று சொந்தமாக ஒரு பெரிய ரத்தக்குழாய் கிடையாது. வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு இல்லாதவர் அக்கம்பக்கத்தில் குடம் நீட்டுவதுபோல அது காலம் தள்ளுகிறது. கழுத்துப் பகுதியில், தைராய்டுக்குப் போகும் தமனியிடம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நெஞ்சுப் பகுதியில், கீழே இறங்கும் பெருந்தமனி போகிற போக்கில் சில சின்னக் கிளைகளைக் கொடுத்துவிட்டுப் போகும். அடிப்பகுதிக்கு இரைப்பையின் தமனி ஊட்டும். திரும்பிப் போகும் ரத்தத்துக்கும் இதே கதைதான். மேல்பகுதி ரத்தம் நேராக இதயத்துக்குப் போகும் சிரைகளில் சேரும். அடிப்பகுதி ரத்தம் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆபத்து அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது. வருடக்கணக்காகக் குடித்துக் கல்லீரல் இறுகிப்போனால் ரத்தம் அதற்குள் நுழைய முடியாது. வந்த வழியே திரும்பி, உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளில் ஏறும். அவை புடைத்து முடிச்சு முடிச்சாக நிற்கும். வலி இருக்காது, ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வெடிக்கும். முன்னதாகவே பார்த்துவிட்டால் அந்த முடிச்சுகளின் கழுத்தில் குட்டி ரப்பர் வளையங்களை மாட்டிவிடலாம். முடிச்சு சுருங்கி உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று: ஆள் வந்து படுக்க வேண்டும்.

தீர்த்தகிரி வந்து படுக்க மாட்டேன் என்றார்.

எங்கள் மருத்துவமனை மாதம் ஒரு முறை ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முகாம் நடத்தும். திருப்பத்தூரிலிருந்து எங்களை ஏற்றிப் போவது தீர்த்தகிரியின் ஜீப். முகாமுக்கு வருகிறவர்களுக்கு மதியச் சோறு ஆக்குவது அவருடைய மனைவி அலமேலு அக்காவும் அவர் மகளிர் குழுவும். ஒரு மாதம், கை கழுவும் குழாயடியில் அக்கா என்னை ஓரமாக இழுத்தார்.

"பாப்பா, அதுக்கு ரத்தமா வாந்தி வந்துச்சு. ரெண்டு வாட்டி."

"யாருக்குக்கா?"

"எங்கூட்டு ஆளுக்குத்தான். எத்தினி வருசமா குடிக்குது. ஆடியில வந்தப்ப, நாவப்பழம் துன்னேன் அதான்னு சொல்லிச்சு. தையில வந்தப்ப பீட்ரூட்டுன்னு சொல்லிச்சு. எங்க ஊர்ல பீட்ரூட்ட எவ பாத்தா?"

டாக்டரிடம் இப்போதே சொல்லலாம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவ்ளோதான். மானத்த வாங்கிட்டேன்னு ஜீப்ப எட்துக்னு கீழ போய்டும், அப்புறம் ஆஸ்பத்திரி பக்கமே வராது. அதும் வாயாலயே சொல்ற மாதிரி எதனா பண்ணு. நீ படிச்ச புள்ள."

மனிதரிடம் சாடையாகப் பேசிப் பார்த்தேன். வண்டி ஓட்டிக்கொண்டே அவர் சொன்ன பதில்: "சிஸ்டர், உங்க கேமரா பைப்ப மொதல்ல எங்கூட்டு எலி வளைல வுட்டுக் காட்டுங்க. எலி ஒத்துக்கிச்சின்னா நானும் ஒத்துக்கிறேன்."

ஆக, ஊருக்கே ஒரு விளக்கக் கூட்டம், அதில் கேட்க வேண்டியவர் ஒரே ஒருவர். இதுதான் என் திட்டம். டாக்டர் சரி என்றார். எதை வைத்து விளக்குவது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டேன். படம் வரைந்து காட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. வீடியோ போட்டால் மின்சாரம் வர வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி வாங்கினால் அதில் சிரைகள் புடைத்திருக்காது. நான்காவதாக எழுதியதைப் படித்து நானே எழுந்து நின்றுவிட்டேன்: உண்மையான உணவுக்குழாய். ஆட்டினுடையது. ரத்தக்குழாய்களில் சிவப்பு நிறம் ஏற்றியது.

(இந்த இடத்தில் யாராவது என்னைத் தடுத்திருக்கலாம்.)

கறிக்கடைக்காரரிடம் உணவுக்குழாய், இரைப்பை, ஈரல் மூன்றும் அறுபடாமல் ஒரே கொத்தாக வேண்டும் என்றேன்.

"கொழம்புக்கா, வறுவலுக்காம்மா?"

"படிப்புக்கு."

அவர் சற்று யோசித்தார். "அப்ப கழுவித் தரட்டுமா, வேணாமா?"

ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறை, மனிதருக்கு ஒன்று. கேள்வி வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று அதற்கும் ஒரு பதில் தயார் செய்துகொண்டேன். ரத்தக்குழாய்க்குள் வெறும் சாயத்தண்ணீர் ஏற்றினால் வழிந்துவிடும், உள்ளே போய் உறைகிற பொருள் வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் நோன்பு மாதத்தில் ஜெல்லி செய்ய வாங்கி மிஞ்சிய கடல்பாசி இருந்தது. கொதிக்க வைத்து, பிரியாணிக்கும் பொரித்த கோழிக்கும் போடுகிற சிவப்புக் கலர் பொடியைக் கலந்து, சூடு ஆறுவதற்குள் சிரிஞ்சில் எடுத்து ஏற்றினேன். ரத்தம் ரத்தமாகத் தெரிய வேண்டுமே என்று டப்பாவைக் கவிழ்த்தேன். அடிப்பகுதிச் சிரைகளில் மட்டும் கூடுதலாக ஏற்றி, இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அசல் நோயாளியின் உணவுக்குழாயைப் போலவே முடிச்சு முடிச்சாகப் புடைக்க வைத்தேன். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"படிப்பு முடிஞ்சி போச்சின்னு நெனச்சேனே."

"முடிஞ்சிடுச்சும்மா. இது விழிப்புணர்வு."

"இன்னாவோ. நல்லாத்தான் கீது. வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றவங்க கிட்ட மட்டும் இதக் காட்டாத."

இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் தெரு முனை மீன்காரரிடம் வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கினேன். திருப்பத்தூர் போய்ச் சேர்ந்ததும் ஜீப் வந்தது. முன் சீட்டில் பெரிய டாக்டர். அவர்தான் எங்கள் துறைத் தலைவர், அதிகம் பேசாதவர், சட்டை மடிப்புக் கலையாதவர். பின்னால் நர்சு, மருந்தாளுநர், நான். மருத்துவமனைச் சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைப் பெட்டிகள், மைக். எல்லாம் இருந்தது. என் தெர்மோகோல் பெட்டி மட்டும் பட்டியலில் இல்லை. அது என் சொந்தப் பெட்டி, மருத்துவமனைப் பெட்டி இல்லை என்பதால் அதில் எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு நேர்மை. பட்டியலில் இல்லாத பொருள் எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது என்பதை அன்றுதான் கற்றேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் தீர்த்தகிரி நல்ல உற்சாகமாக இருந்தார். பலா காய்த்திருப்பதைச் சொன்னார், புளி விலையைத் திட்டினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். இன்று மதியம் உங்களுக்காகத்தான் இவ்வளவும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. (இந்தப் பெருமையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கும் தண்டனை உண்டு.)

பள்ளிக்கூடத்து வராந்தாவில் இறங்கியதும் கூட்டம் சூழ்ந்தது. நான் பெயர் பதியும் மேசைக்குப் போய்விட்டேன். தீர்த்தகிரி சாமான் இறக்கினார். மருந்துப் பெட்டிகள் வராந்தாவுக்கு வந்தன. தெர்மோகோல் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஈரல், இரைப்பை, குழாய், எல்லாம் சுத்தமாக, ஐஸில்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேருக்குச் சோறு வேகிற இடத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் கறி கொண்டுவந்தால், இது யாருக்கு, எதற்கு என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் வந்தவரைச் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடும். வாங்கி நேராக அடுப்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கொண்டுவந்தவரும் "அது நான் கொண்டுவந்தது" என்று வாய் திறக்க மாட்டார். அப்படிச் சொல்வது சொல்லிக்காட்டுவது. மாதாமாதம் போய் வந்த எனக்கு இது தெரியாது. முகாமுக்குக் கறி யாரும் கொண்டுவந்ததே இல்லை, எப்படித் தெரியும்?

தீர்த்தகிரி பெட்டியை மனைவியிடம் கொடுத்தார். அலமேலு அக்கா வாங்கிக்கொண்டார். ஊர் முழுக்க மரியாதையாக நடந்துகொண்டது.

கூட்டத்தைச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். ஆனால் நோயாளிகள் அதிகம். "பசியோட யாரும் கேக்க மாட்டாங்க ஷமீமா, சாப்பிட்டப்புறம் பேசுங்க" என்றார் டாக்டர். பந்தி போட்டார்கள். வழக்கமான பருப்புக் குழம்பின் வாசனை இல்லை. சாமைச் சோற்றின் மேல் ஊற்றியபோது குழம்பு நல்ல சிவப்பு. மிளகாய் கூடிவிட்டதோ என்று பயந்து வாயில் வைத்தேன். காரம் இல்லை, அருமையாக இருந்தது. இன்னொரு கவளம் எடுத்தேன்.

எதிரில் டாக்டர் தலை நிமிர்ந்து, "இன்னைக்கு என்ன விசேஷம்? கறி யார் ஏற்பாடு?" என்று கேட்டார்.

"நீங்கதான சார் அனுப்புனீங்க" என்றார் அலமேலு அக்கா, கரண்டியோடு.

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அடக்கமாக, "ம்... இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அந்தக் கரண்டியில் வந்து அவர் இலையில் உட்கார்ந்தது ஒரு துண்டு. வளையமாக இருந்தது. ஒரு ஓரத்தில் நூல் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு, நுனி சமமாக வெட்டியது. என் முடிச்சு. உணவுக்குழாயின் கீழ் மூன்றில் ஒரு பங்கு, இரைப்பைத் தமனியால் ஊட்டப்படுவது, இப்போது சாமைச் சோற்றால் சூழப்பட்டிருந்தது. டாக்டர் நூலை மட்டும் நாசூக்காக எடுத்து இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு மீதியை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். தெர்மோகோல் பெட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"அக்கா, இதுல இருந்தது..."

"அதான் பாப்பா கொழம்பு. டவுன்ல எவ்ளோ சுத்தமா குடுக்குறான். நூல்லாம் கட்டி, அழுக்கே இல்லாம. உள்ளார செவப்பா இன்னாவோ இருந்துச்சி, மசாலா தடவிக் குடுத்துட்டான் போலன்னு நெனச்சேன். நான் மொளகாத்தூளே கம்மியாத்தான் போட்டேன்."

எனக்குள் பட்டியல் தானாக ஓடியது. ஆடு புதிது. இரவு குளிரில் இருந்தது. கடல்பாசி சாப்பிடும் பொருள். கலர் பொடி சாப்பிடும் பொருள், இவ்வளவு சாப்பிடக் கூடாது என்றாலும். சிரிஞ்சு புதிது. ஆக, யாருக்கும் ஆபத்து இல்லை, என்னைத் தவிர. என் உணவுக்குழாய் ஊரின் உணவுக்குழாய்கள் வழியாக இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது மைக் மட்டும்.

திரும்பி வந்து பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் உதடு சிவந்திருந்தது. அந்த ஊரில் பாதிப் பேர் வெற்றிலை போடுகிறவர்கள், அதனால் யாரும் யாரையும் கவனிக்கவில்லை. ஆனால் என் துறைத் தலைவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, கல்யாணப் பெண்ணைப்போல உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நர்சு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

அப்போது குழாயடியிலிருந்து சத்தம் கேட்டது. தட்டு விழுந்த சத்தம்.

தீர்த்தகிரி வாய் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். சிமெண்டுத் தரையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. மறுபடி கொப்பளித்தார், மறுபடி சிவப்பு. அவரும் வெற்றிலை போடாதவர். குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரே" என்றார். "டாக்டரே, வந்துடுச்சி. திருப்பியும் வந்துடுச்சி."

டாக்டர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். நாடியைப் பிடித்துக்கொண்டு, "என்ன வந்துடுச்சு, திருப்பியும்னா?" என்று கேட்டார்.

"ரத்தம். ஆடியில ஒரு வாட்டி வந்துச்சி. தையில ஒரு வாட்டி. வூட்ல பொய் சொல்லிட்டேன் டாக்டரே. பயம். இப்ப மூணாவது. பொழைக்க மாட்டேனா?"

ஊரே சுற்றி நின்றது. அலமேலு அக்கா கரண்டியை இன்னும் கையில் வைத்திருந்தார்.

அவர் வாயாலேயே வர வேண்டும் என்று அக்கா கேட்டது வந்துவிட்டது. நான் ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும், அவரை அப்படியே தூக்கி வண்டியில் போட்டுக் கொண்டுபோய்விடலாம். உண்மையைச் சொன்னால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுவார், பிறகு எந்தக் காலத்திலும் பிடிக்க முடியாது. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு ஓடியது. ஆனால் கீழே உட்கார்ந்திருந்தவர் டாக்டரின் கையை விடவில்லை. நான் ஏற்றிய சாயத்துக்காக ஒரு மனிதர் தன் சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அது ரத்தம் இல்ல" என்றேன். "கலர் பொடி."

யாருக்கும் புரியவில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று: ஆடு, உணவுக்குழாய், கடல்பாசி, சிரிஞ்சு, நூல், பெட்டி. எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் "நம்ப முடியலன்னா பக்கத்துல இருக்கவங்க வாயப் பாருங்க" என்றேன். எல்லோரும் பக்கத்தில் இருந்தவர் வாயைப் பார்த்தார்கள். தீர்த்தகிரிக்குப் பக்கத்தில் இருந்தது டாக்டர்.

"சார்," என்றார் தீர்த்தகிரி மெதுவாக, "உங்களுக்கும் வந்துடுச்சி."

டாக்டர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஷமீமா," என்றார், "நான் சாப்பிட்டது எந்தப் பகுதி?"

"கீழ்ப்பகுதி சார்."

"ம்" என்றார். அதற்கு மேல் அவர் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

சிரிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாது. வராந்தா, குழாயடி, அடுப்படி எல்லாம் சிரித்தது. சிவப்பு நாக்கும் சிவப்புப் பல்லுமாக ஒரு ஊரே சிரிப்பதைப் பார்க்க வேண்டும், பயமாக இருக்கும். அந்தச் சிரிப்பில் நான் பயந்தது நடந்தது. தீர்த்தகிரி எழுந்தார். லுங்கியை உதறிக் கட்டினார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"அட, கலர் பொடியா. எம் உசுரே போச்சி சிஸ்டர். அப்ப ஒண்ணியும் இல்ல. வர்றேன், வண்டிக்குத் தண்ணி ஊத்தணும்."

இரண்டடி வைத்திருப்பார். அலமேலு அக்கா குறுக்கே வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இது கலர் பொடி. சரி. ஆடியில வந்தது இன்னா பொடி?"

சிரிப்பு நின்றது.

"தையில வந்தது இன்னா பொடி? சொல்லிட்டு தண்ணி ஊத்து."

"நாவப்பழம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லிவிட்டேன் என்று இப்போதுதான் ஊர் நடுவில் அவரே சொல்லியிருந்தார். திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார். மனைவிக்கு முன்னாலேயே தெரியும் என்பது அந்த முகத்தில் இருந்தது. தீர்த்தகிரி போய்க் குழாயடித் திண்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. தயார் செய்த பேச்சும் மறந்துவிட்டது.

"அண்ணா, மேல வர்ற ரோட்ல மண்ணு சரிஞ்சி அடைச்சிட்டா பஸ்ஸெல்லாம் எப்படிப் போகும்?"

"போவாது. நிக்கும்."

"நிக்காம, எல்லாம் திரும்பி உங்க ஜீப் போற காட்டுத் தடத்துல வந்தா?"

"அந்தத் தடம் தாங்குமா? ஓரம் ஒடைஞ்சி பள்ளத்துல வுட்டுடும்."

"உங்க கல்லீரல்ல மண்ணு சரிஞ்சிருக்குண்ணா. ரத்தமெல்லாம் காட்டுத் தடத்துல வருது. ரெண்டு வாட்டி ஓரம் ஒடைஞ்சிருக்கு. வந்து படுத்தீங்கன்னா ரப்பர் வளையம் போட்டு அடைச்சிடலாம்."

குனிந்து தரையைப் பார்த்தார். சிவப்புத் தண்ணீர் அதற்குள் மண்ணில் இறங்கிவிட்டது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது அதுதான் என்று அப்போது புரிந்தது.

"அந்த ரப்பர் போட்டா, வண்டி ஓட்ட வுடுவாங்களா? ராத்திரி அவசரம்னா இந்த மலைக்கு நான் வுட்டா வேற வண்டி இல்ல சிஸ்டர்."

"கொஞ்ச நாள் கழிச்சு ஓட்டலாம்" என்றார் டாக்டர், எங்களுக்குப் பின்னால் நின்று. கைக்குட்டையால் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "குடிய விட்டா ரொம்ப நாள் ஓட்டலாம்."

அதன்பிறகு என் விளக்கக் கூட்டம் நடந்தது. இரண்டு வாக்கியம்தான். மைக்கைப் பிடித்து, இன்று மதியம் கறிக் குழம்பு சாப்பிட்டவர்களுக்கு நாளைக் காலை கொல்லைப்பக்கம் போகும்போது சிவப்பாக எதையாவது பார்க்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம் என்றும், நாளை மறுநாளும் அப்படியே இருந்தால் கட்டாயம் எங்களிடம் வர வேண்டும் என்றும் அறிவித்தேன். நான் பேசிய மேடைப் பேச்சுகளில் இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டது வேறில்லை. பின்வரிசைக்கும் கேட்டதா என்று நர்சு தேவையில்லாமல் கேட்டு, என்னை இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

மாலையில் ஜீப்பை அவருடைய தம்பி ஓட்டினார். தீர்த்தகிரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் கியரை மாற்று, ஆரன் அடி என்று திட்டிக்கொண்டே வந்தார். அலமேலு அக்கா பின்னால் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பல மாதத் தூக்கம்போல இருந்தது.

மறுநாள் கேமரா உள்ளே போனபோது அசல் முடிச்சுகள் திரையில் தெரிந்தன. நான் கடல்பாசியால் செய்தது எவ்வளவோ தேவலாம். ஒரு முடிச்சின் மேல் சிவப்புப் புள்ளி வந்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிப்பேன் என்பதற்கு அடையாளம். டாக்டர் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடிக்க, வளையங்கள் ஒவ்வொன்றாக ஏறின.

சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது முடிச்சுகள் பெரும்பாலும் சுருங்கியிருந்தன. குடி விட்டதா என்றால், விட்டது, நடுவில் ஒரு பண்டிகைக்குத் தடுக்கி விழுந்தது, அக்கா போன் செய்தார், மறுபடி விட்டது. இப்போதும் அந்த மலைக்கு அவர் வண்டிதான் ஓடுகிறது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. முகாமுக்கு நான் எதைக் கொண்டுபோனாலும், அது ஒரு பஞ்சுப் பொட்டலமாகவே இருந்தாலும், அலமேலு அக்கா வாங்கிக்கொண்டு, "இது துன்றதா, பாடம் நடத்தறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார். அந்த ஊர் தன் வழக்கத்தை எனக்காக மட்டும் மாற்றிக்கொண்டது.

போன வருடம் வாணியம்பாடியில் என் கல்யாணம். இருவரும் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்திருந்தார்கள். சாப்பாட்டில் பிரியாணி, தால்ச்சா, கூடவே சிக்கன் 65. நல்ல சிவப்பு. தீர்த்தகிரி பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டார். சிக்கனை மட்டும் ஒவ்வொரு துண்டாக இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பந்தி விசாரித்துக்கொண்டு வந்த என் மாமனாருக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னாங்க, 65 நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கும் பாய்" என்றார் தீர்த்தகிரி, மிகுந்த மரியாதையாக. "ஆனா இந்தப் பொண்ணு சம்பந்தப்பட்ட எடத்துல செவப்பா எதனா துன்னா, நான் எல்லா உண்மையும் சொல்லிடறேன். பக்கத்துல எம் பொண்டாட்டி ஒக்காந்துனு கீறா."

மாமனார் விவரம் கேட்டார். அலமேலு அக்கா விவரம் சொன்னார், டாக்டரின் உதட்டுச்சாயம் உட்பட. புகுந்த வீட்டில் என் குணநலன்கள் தெரியவர ஓராண்டாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒரே பந்தியில் தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் யாரும் சண்டை போடுவதில்லை. போன வாரம் என் கணவர் புது வண்டியில் எங்கேயோ கீறல் போட்டுவிட்டு, எதுவும் தெரியாதவர்போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஷமீமா, கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பிளேட் 65 வாங்கியாரச் சொல்லு" என்றார்.

பேப்பர் மடிக்கப்பட்டது. சிக்கன் வருவதற்குள் உண்மை வந்துவிட்டது.